தூரத்துக் கடையில் வாங்கும் நோய்

1

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. கார் ஓட்டத் தெரியும். சிறியதாக ஒரு பழைய காரும் வைத்திருக்கிறாள். ஆனால் அதை அவள் ஓட்டக்கூடாது. அதனால் காலைதோறும் நான் ஓட்டுகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கியர் மாற்றும் அழகைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறாள்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. லண்டனில் இருப்பவர்களுக்கே தெரியாது. மதுரைக்குப் பக்கத்தில் பசுமலையில் பிறந்து, அங்கேயே படித்து, கல்யாணமாகி இங்கே வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. வந்த புதிதில் ஊருக்கு எழுதும்போதெல்லாம் பனி பெய்வதைப் பற்றி எழுதுவேன். இப்போது பனியைப் பார்த்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வதுதான் நினைவுக்கு வருகிறது. எழுத வேறு விஷயங்கள் இருக்கின்றன.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். மகளை அவளுடைய ஆபீசில் இறக்கிவிட்டு நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறைக்குப் போக வேண்டும். மதுரையில் கணிதத்தில் முதுகலை முடித்தவள் இங்கே பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கு மசியல் வைக்கிறேன். அதற்காக அழுது தீர்த்தாகிவிட்டது. இன்றைக்கு என் கோபம் வேறு.

மகள் பெயர் ரூத். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வீடுகள் மலைச்சரிவில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று கிடக்கும். கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. இப்போது அவளை ஆபீசில் உட்கார்த்தி, வருகிற போனையெல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கவனித்துவந்த கிழவர் ஒருவர் தினமும் போன் செய்து, அந்தப் பெண் எப்போது வருவாள் என்று கேட்கிறார். போனை எடுப்பதே அந்தப் பெண்தான் என்று அவருக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை.

ரூத்துக்கு வலிப்பு உண்டு. பத்தாம் வகுப்பு வயதில் வந்தது. காலையும் இரவும் மாத்திரை போட்டால் அது தன் வழியில் போகும், அவள் தன் வழியில் போவாள். வலிப்பு வந்தால் அதன் பிறகு ஒரு வருடம் கார் ஓட்டக்கூடாது என்பது இங்கே சட்டம். நெடுநாள் வராமலிருந்ததால்தான் லைசென்ஸ் கொடுத்தார்கள். மறுபடி வந்தால் லைசென்சும் போகும், வேலையும் போகும். வந்தது. போயிற்று. வந்தது இங்கேயல்ல, மதுரையில்.

போன வாரம் என் அண்ணன் மகளின் கல்யாணப் படங்கள் வந்தன. அதில் நாங்கள் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

இரண்டு வருடங்களுக்கு முன் குடும்பமாகக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். போய் இறங்கிய பிறகுதான் ரூத்தின் மாத்திரைப் பை வீட்டிலேயே இருப்பது தெரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த ஊரின் மருந்துக்கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடி, நான் படபடவென்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. ரூத்திடம்தான் பேசினார். என்ன மாத்திரை, எவ்வளவு, கடைசியாக எப்போது போட்டாய் என்று அவளிடமே கேட்டார். நான் நடுவில் பதில் சொன்னபோது, மகளிடம் கேட்கிறேன் அம்மா, சற்றுப் பொறுங்கள் என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பெற்றவள் நான், நீ யாரடா என்று வாய்வரை வந்தது. அவர் கம்ப்யூட்டரில் எதையோ சரிபார்த்து, யாருக்கோ போன் செய்து, ஊர் திரும்பும் வரைக்குமான மாத்திரையை அவள் கையில் கொடுத்தார். அவசரத்துக்குக் கொடுக்க அவர்களுக்கு விதி இருக்கிறதாம். ரொம்பப் பெரிய மனசு என்று நான் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். எங்கள் ஊராக இருந்தால் கேள்வியே கிடையாது, மாத்திரைப் பெயரைச் சொன்னால் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கையில் கொடுப்பான் என்று மகளிடம் பெருமை அடித்தேன். அந்தப் பெருமையில் பாதிதான் உண்மை.

மீதிப் பாதியை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கடையில் வாங்கும் நோய் வேறு, தூரத்துக் கடையில் வாங்கும் நோய் வேறு. சுகர், பிரஷர், மூட்டுவலி, நெஞ்செரிச்சல் இதெல்லாம் தெருமுனைக் கடையில் வாங்கலாம். பையில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே வரலாம். எதிரே வருகிறவர் உங்களுக்கு எம்புட்டு இருக்கு என்று கேட்பார், எண்ணைச் சொல்லலாம், அவரும் தன்னுடையதைச் சொல்லுவார். டி.பி., மூலம், மனநோய், வலிப்பு என்றால் பஸ் ஏற வேண்டும். பசுமலைக்காரர்களுக்குத் தூரத்துக் கடை காளவாசல். அங்கே நாற்சந்தியின் இரைச்சலில் நின்று வாங்கி, காய்கறிக்கு அடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். எங்கள் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையைத் தெருவே அறிய வாங்கினோம். அம்மாவுக்குத் தூக்கம் வராமல் மனம் பேதலித்துக் கிடந்த காலத்து மாத்திரைகளை அண்ணன் சைக்கிளில் போய்க் காளவாசலில்தான் வாங்கிவருவார். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

3

சென்ற கோடை விடுமுறையில் நானும் ரூத்தும் மட்டும் மதுரைக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூளையைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்து எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியவர். அவருடைய ஒரே மகள் பிரின்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போன சமயம் சோழவந்தானிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையனுக்கு வங்கி வேலை. சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

ரூத்துக்கு நோயை மறைக்கத் தெரியாது. மறைக்கக் கற்றுக்கொடுக்காத நாட்டில் வளர்ந்தவள். போன் அலாரம் அடித்ததும் எல்லோர் முன்னாலும் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். யாராவது கேட்டால், எனக்குப் பசிக்கிறது என்பது போல, எனக்கு எபிலெப்சி என்பாள். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் கேட்டு, இவள் சொல்லத் தொடங்க, மதினி குறுக்கே விழுந்து அது வைட்டமின் என்று சொல்லிவிட்டாள். ரூத் என்னைப் பார்த்தாள். நான் முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

மதினி கெட்டவள் அல்ல. வந்த நாளிலிருந்து ரூத்துக்குப் பிடிக்குமே என்று தினமும் பணியாரம் ஊற்றியவள். ஆனால் ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிறவள். அவர்கள் வம்சத்தில் வலிப்பு இருக்காமே என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், வந்த இடம் வந்த வழியே போய்விடும். சர்ச்சில் அப்படிப் போன இடங்களின் கதை அவளுக்கு நிறையத் தெரியும்.

ரூத்தின் மாத்திரைகள் அத்தனையும் ஒரே அட்டைப்பெட்டியில் பிரிட்ஜின் மேல் இருந்தன. சனிக்கிழமை காலையில் நானும் ரூத்தும் கடைவீதிக்குப் பழம் வாங்கப் போன நேரத்தில் மதினி வீட்டை ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். அந்தப் பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. பீரோவுக்குள் வைத்திருக்கலாம். வைத்தால் யாராவது திறக்கும்போது விழுமே என்ற பயம். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அண்ணனுக்குச் சுகரால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க வராது. அதனால் மாதத்துக்கான சுகர் மாத்திரைகளை மதினியே பிதுக்கி ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுவைப்பாள். ரூத்தின் மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதே டப்பாவில் போட்டாள். யார் திறந்து பார்த்தாலும் சுகர் மாத்திரை என்று நினைத்துக்கொள்வார்கள். சுகர் இல்லாத வீடு எது? அட்டையையும் பெட்டியையும் குப்பை அள்ளுகிறவர் கண்ணில்கூடப் படக்கூடாது என்று கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், ஜெபம் செய்தார்கள், பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். பயணக் களைப்பு என்று சொல்லி ரூத்தை மாடியில் உட்காரவைத்திருந்தோம். வந்து பத்து நாள் ஆன பிள்ளைக்கு என்ன பயணக் களைப்போ.

4

இருட்டியதும் ரூத் மாத்திரையைத் தேடினாள். மதினி சிரித்துக்கொண்டே டப்பாவைக் கொண்டுவந்தாள். தான் எவ்வளவு சாமர்த்தியமாகக் காரியம் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேதான் மூடியைத் திறந்தாள்.

எல்லாம் வெள்ளை. எல்லாம் நீளவாக்கில். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கோடு. வேறு எழுத்தோ எண்ணோ இல்லை. ரூத்துடையது கொஞ்சம் பெரியது என்று மதினி சொன்னாள். ரூத் விளக்குக்குக் கீழே தட்டில் கொட்டி, பெரியது சிறியது என்று பிரித்துப் பார்த்தாள். பிரிக்கப் பிரிக்க எல்லாம் ஒரே அளவாகத் தெரிந்தது. சுகர் இல்லாதவள் தெரியாமல் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. அண்ணனும் அந்த டப்பாவிலிருந்து இனி எடுக்க முடியாது. ஒரு டப்பா மாத்திரை இருந்தும் இரண்டு நோயாளிகளுக்கும் மருந்தில்லை.

ரூத் கத்தவில்லை. மருந்தின் பெயரும் அளவும் அவள் போனில் இருந்தன. இங்கிலாந்து மருத்துவர் கொடுத்த சீட்டின் படமும் இருந்தது. கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் அம்மா, தெருமுனையிலேயே கடை இருக்கிறதே என்று எழுந்தாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்தக் கடைக்காரர் நம் சர்ச்சுக்காரர், அவருடைய மச்சினன் சோழவந்தானில் பெண் எடுத்தவர், ஒரு பெயர் அங்கே போனால் மறுநாளே சோழவந்தானில் இருக்கும் என்றார். காளவாசலில் வாங்கிக்கொள்ளலாம், இந்நேரம் கடைகளைச் சாத்தியிருப்பார்கள், காலையில் போவோம் என்றார். ஒரு வேளை தவறினால் என்ன ஆகிவிடும் என்று என்னிடம்தான் கேட்டார், அவளிடம் இல்லை.

அண்ணன் தெருமுனைக் கடைக்குப் போன் செய்து தன்னுடைய சுகர் மாத்திரையைச் சொன்னார். நாங்கள் இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் கடைக்காரரே வண்டியில் வந்து வாசலில் நின்றார். என்ன சார், மாசம் முடியறதுக்குள்ள தீந்துபோச்சா என்று கேட்டார். அண்ணன் கைதவறிக் கொட்டிவிட்டதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். நான் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றிருந்தேன். மகளுக்கு வேண்டிய மருந்தின் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. மதினி என் கையைப் பிடித்திருந்தாள், சமையலறையிலிருந்து பிரின்சி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

மாடிக்குப் போனதும் ரூத் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மாமாவுடைய மாத்திரை வந்துவிட்டதா என்றாள். வந்துவிட்டது என்றேன். சரி என்று படுத்துக்கொண்டாள்.

5

காலையில் நான் ஆட்டோ பிடித்துப் போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கடை திறந்திருக்கும், அன்றைக்கு வேதபாடம் வாசிக்கும் முறை தனக்கு, ஆராதனை முடிந்ததும் தானே காரில் கூட்டிப்போவதாக அண்ணன் சொன்னார். நாங்கள் சர்ச்சுக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்றாள் மதினி. போனோம். அண்ணனுக்குக் கணீரென்ற குரல். அன்றைக்கும் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தார். எனக்குப் பக்கத்தில் ரூத் அடிக்கடி கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தாள். தலை லேசாக இருக்கிறது என்றாள்.

காளவாசலில் கடை திறந்துதான் இருந்தது. காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவார்களாம். கடைக்காரர் ரூத்தின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மருந்து இருக்கிறது, ஆனால் நரம்பு மாத்திரையை உள்ளூர் டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது, கெடுபிடி ஜாஸ்தி என்றார். நான் என் பெருமையையெல்லாம் விட்டுக் கெஞ்சினேன். இரண்டே இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுங்கள் என்றேன். தெரிந்தவர்களாக இருந்தால் கொடுப்பேன் அக்கா, உங்களை நான் பார்த்ததே இல்லையே என்றார். அவர் சொன்னது நியாயம். யாருக்கும் நம்மைத் தெரியக்கூடாது என்றுதானே அவ்வளவு தூரம் போனோம்.

இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறார் என்று அவரே வழி சொன்னார். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். கூடம் நிறைய ஆட்கள். அவசரம் என்று நான் சொன்னதற்கு, இங்க எல்லாரும் அவசரம்தாம்மா என்றாள் டோக்கன் கொடுக்கும் பெண். அண்ணன் எங்களோடு உட்காரவில்லை. காற்று வரவில்லை என்று வாசலோரம் நின்றார்.

கூட்டம் பாதி குறைந்திருந்தபோது ரூத் என் கையைப் பிடித்தாள். அம்மா, வருது என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நாற்காலியோடு சரிந்தவளைத் தாங்கித் தரையில் படுக்கவைத்தேன். உடம்பு வில்லாக வளைந்து உதறியது. கூடமே எழுந்துவிட்டது. யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். நான் அதைத் தட்டிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அறிமுகமே இல்லாத ஓர் அம்மா, கையிலிருந்த துண்டைச் சுருட்டி ரூத்தின் தலைக்குக் கீழே வைத்து, விலகிய துணியைச் சரிசெய்து, சுற்றி நின்றவர்களை விரட்டினாள். டாக்டர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். உதறல் நின்றது. ரூத் அரைக்கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என் மடியில் கிடந்தாள்.

அண்ணனைத் தேடினேன். வாசலில் அவரோடு இன்னொரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் அண்ணனோடு வேலை பார்த்த ஆசிரியர், பிரின்சிக்கு இந்தச் சோழவந்தான் இடத்தைச் சொன்னவரும் அவர்தான். என்னை அவர் பார்த்ததில்லை. அவர் எங்களைக் காட்டிக் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்ன சார், நீங்க எங்க இங்க? யாரு அந்தப் புள்ள, தெரிஞ்ச புள்ளையா?"

"இல்ல சார். பிரஷர் பாக்க வந்தேன். யாரோ வெளியூர்க்காரங்க போல."

சர்ச்சில் கேட்ட அதே குரல். அதே கணீர். ஒரு பிசிறு இல்லை.

அந்தப் பெரியவர், பாவம், சின்ன வயசு என்று உச்சுக்கொட்டினார். அண்ணனும் ஆமாம் என்றார். அவரோடு பேசிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். மாத்திரைச் சீட்டை டாக்டர் எழுதிக் கொடுக்க, மருந்துக்கடைக்காரரே விஷயம் கேள்விப்பட்டு மாத்திரையோடு ஓடிவந்தார். முன்பே தந்திருக்கலாம், தராதது தப்புத்தான் என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் அவரைக் கோபிக்கவில்லை. அவருக்கு நாங்கள் யாரோதான்.

பெரியவர் போன பிறகு அண்ணன் காரைக் கொண்டுவந்து சந்துக்குள் நிறுத்தினார். பசுமலையில் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் காரின் வேகத்தைக் குறைத்தார்.

"தப்பா எடுத்துக்காத கிரேஸு. பிரின்சி வாழ்க்கையும் இருக்குல்ல. அந்தாளு வாய் சும்மா இருக்காது."

"என் பிள்ளை தரையில கிடந்தா அண்ணே."

"அதான் நீ இருந்தேல்ல பக்கத்துல."

பின்சீட்டில் ரூத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

6

இங்கே திரும்பி வந்த மறுநாள் ரூத் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். லைசென்ஸ் ஆபீசுக்கு எழுத வேண்டும் என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மதுரையில் நடந்தது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, தெரியும், எனக்குத் தெரியும் என்று சொல்லி எழுதி முடித்தாள். உடனே பதில் போட்டார்கள், அன்போடு, ஒரு வருடம் ஓட்டாதே என்று. ஆபீசிலும் அன்பாகவே வேலையை மாற்றினார்கள். இங்கே எல்லாவற்றையும் அன்பாகத்தான் பிடுங்குவார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் காலை, அவளை ஆபீசுக்குக் கூட்டிப்போகும்போது அண்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. என் போன் காரோடு இணைந்திருந்தது. ஓட்டிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். கார் முழுக்க அண்ணன் குரல்.

"கிரேஸு, அண்ணன் பேசுறேம்மா. பிரின்சிக்குத் தேதி வச்சாச்சு. அத்தை முறைக்கு நீதான் முன்ன நின்னு செய்யணும், கட்டாயம் வந்துரு. நீயும் மாப்ளையும் மட்டும் வாங்க. ரூத்துக்கு நம்ம ஊரு வெயில் ஒத்துக்கிராது, எதுக்குப் பிள்ளையப் போட்டு அலைக்கழிக்கணும். யாரும் கேட்டா பரீட்சைன்னு சொல்லிக்கிருவோம்."

படித்து முடித்து வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பரீட்சை. நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வாசல் வந்தது. ரூத் பையை எடுத்துக்கொண்டாள், சீட் பெல்ட்டைக் கழற்றினாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நீ போயிட்டு வாம்மா. பரீட்சைன்னெல்லாம் பொய் சொல்ல வேணாம். பிள்ளையே இல்லைன்னு சொல்லிரு. மாமா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

காளவாசலில் அண்ணன் சொன்னதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அப்பாவிடமும் சொல்லக் கூடாது என்று மனதுக்குள் பூட்டிவைத்திருந்தேன். என் மடியில் அரைக்கண் திறந்து கிடந்தபோதே அவளுக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை மாதமும் அதைத் தூக்கிக்கொண்டு, தினமும் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கியர் போடுவதைக் கிண்டல் செய்துகொண்டு வந்திருக்கிறாள். பிள்ளைகள் இந்த நாட்டில் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள், ஊர் ஒட்டவில்லை, சொந்தம் ஒட்டவில்லை என்று நாமெல்லாம் கூடிக்கூடிப் புலம்புகிறோமே, அப்போதெல்லாம் இனி நான் வாய் திறக்கப்போவதில்லை. அவள் விலகவில்லை. நாங்கள்தான் அவளை மறைத்தோம்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. லீவு இல்லை என்று அண்ணனுக்குச் சொன்னேன். அண்ணன் வற்புறுத்தவில்லை.

போன வாரம் பிரின்சி படங்களை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையிடம் ரூத்தைப் பற்றித் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் அதுக்கென்ன என்று கேட்டாராம். அவருடைய சித்தியும் பல வருடமாக அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறாராம். சோழவந்தானில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மாதாமாதம் மாப்பிள்ளைதான் மதுரைக்கு வந்து வாங்கிக் கொடுப்பாராம். எங்கே என்று கேட்டேன். காளவாசல்ல அத்தை என்றாள். சொல்லிவிட்டு அவள் போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

இதை எழுத ரூத்திடமும் பிரின்சியிடமும் அனுமதி கேட்டேன். இருவருமே எழுதச் சொன்னார்கள். பெயரை வேண்டுமானால் மாற்றிவிடட்டுமா என்று மகளிடம் கேட்டேன். எதுக்கு என்று கேட்டாள். நான் மாற்றவில்லை.

அண்ணன் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர், படித்துவிட்டு நண்பர்களுக்கும் கொடுப்பவர். ஆகவே மீதியை அவருக்கே எழுதிவிடுகிறேன். அண்ணே, உங்களோடு வேலை பார்த்த அந்த சாருக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள். அன்றைக்குக் காளவாசலில் தரையில் கிடந்த பிள்ளை யாரென்று அவர் உங்களைத்தான் கேட்டார். அவள் பெயர் ரூத். உங்கள் தங்கச்சி மகள்.